கிணற்றுப் பெட்டி ஏன் குழறியது?

கடந்த பங்குனி மாதம் யாழ் குடாநாட்டின் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். இடம்பெயர்ந்து வந்த ஐந்து குடும்பங்கள் அங்கே குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்கின்றன. காணிகள் வெவ்வேறு ஆட்களுடையவை. கிணறு ஒன்றுதான். பங்குக்கிணறு என்றால் சொந்த ஊரில் இருந்தபோதே சண்டை வரும். அந்நியக் காணியில் அது எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. யார் எத்தனை மணித்தியாலம் இறைத்தது, யாருடைய முறையில் தண்ணீர் வற்றியது, யாரால் தண்ணீர் உவர்த்தது என்பதே அங்கு நாளாந்தப் பேச்சு.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கணக்கின்படி நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலே எழும்பக்கூடும். ஆகவே கிணற்று நீர்மட்டத்தை அளப்பது வெறும் கணக்குப் பார்க்கும் ஆசையல்ல. இறைப்பை எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு அதில்தான் பதில் உண்டு.

அந்த ஐந்து குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். அவர் ஒரு பெட்டி செய்திருந்தார். கிணற்றின் வாயில் பொருத்திய உணர்கருவி கீழ்நோக்கி ஒலியலை ஒன்றை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய சிப் அளந்து, தூரத்தைக் கணக்கிட்டு, வயர் வழியாகக் கொட்டிலில் இருக்கும் பழைய மடிக்கணனிக்கு எண்ணாக அனுப்பும். கணனி அதைப் பதிவு செய்யும். ஐந்து குடும்பமும் பார்க்கலாம். ஒருவரும் ஒருவரைக் குறை சொல்ல முடியாது. யோசனை நல்லது.

நான் போன அன்று கணனித் திரையில் எண்களுக்குப் பதிலாக கேள்விக்குறியும் சதுரமும் கொம்பு முளைத்த எழுத்துகளும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கிணற்றுக்கட்டில் இருந்த முதியவர் அதை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, உன்ர பெட்டி மந்திரம் ஓதுதோ?”

“இல்லை ஐயா, எங்கயோ ஒரு பிழை. வயர் நீளமாப் போச்சுது போல.”

முன்பு றேடியோ திருத்திய பழக்கம் எனக்குண்டு. ஆகவே இருவருமாக உட்கார்ந்தோம். அன்றும் அடுத்து வந்த சில வாரங்களிலும் நாங்கள் கண்டவற்றை இங்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது இத்தகைய பெட்டியைச் செய்துகொண்டிருக்கலாம். மேசையின் மேல் ஒழுங்காக வேலை செய்தது தோட்டத்தில் குழறும்போது, நீங்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

எழுத்து எப்படி வயரில் போகிறது?

மைக்ரோகொன்ட்ரோலர் எனப்படும் அந்தச் சிப் ஒரு முழுச் சிறு கணனி. எமது பெட்டியில் இருந்தது ஏ.ரி.மெகா 328பி. ஆடுவினோ ஊனோ என்னும் பயிற்சிப் பலகையில் இருப்பதும் இதே வகைதான். அது பேசுவதற்கு ஒரே ஒரு கம்பியைப் பயன்படுத்துகிறது. பேசாதபோது அந்தக் கம்பியில் 5 வோல்ற் நிற்கும். ஓர் எழுத்தை அனுப்பும்போது முதலில் அந்த வோல்ற்றை ஒரு துடிப்பு நேரத்துக்கு கீழே இறக்கும். “கவனி, தொடங்குகிறேன்” என்பது அதன் பொருள். அடுத்து எட்டுத் துடிப்புகள் வரும். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. அந்த எட்டும் சேர்ந்ததே எழுத்து. பின்பு ஒரு துடிப்பு மேலே நிற்கும். அதுவே முற்றுப்புள்ளி. மொத்தம் பத்துத் துடிப்பு.

எங்கே ஒரு துடிப்பு முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைச் சொல்ல இரண்டாவது கம்பி கிடையாது என்பதைக் கவனியுங்கள். பெறுபவர் தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்தே எண்ண வேண்டும். செக்கனுக்கு 9600 துடிப்பு என்று இருவரும் முன்பே பேசிவைத்திருந்தால், ஒரு துடிப்பு 104 மைக்ரோ செக்கன், அதாவது ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தொடக்க இறக்கத்தைக் கண்டதும் பெறுபவர் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு துடிப்பின் நடுப்பகுதியிலும் ஒரு தரம் எட்டிப் பார்ப்பார். மேலேயா, கீழேயா?

கூத்தில் மத்தளக்காரர் ஒரு தாளத்திலும் ஆடுபவர் இன்னொரு தாளத்திலும் போனால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கும். இருவரும் பிழையின்றித்தான் செய்கிறார்கள், ஆனால் சேரவில்லை.

இந்த வேகத்தை அளக்கும் அலகுக்குப் ‘போட்’ என்று பெயர். பிரான்ஸ் நாட்டுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோவின் பெயர் அது. 1874 இல் அவர் உரிமம் பெற்ற தந்தி முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள் இருந்தன. அனுப்புபவர் ஐந்து கட்டைகளை விரல்களால் அழுத்த வேண்டும், அதுவும் கருவி எழுப்பும் ‘டிக்’ ஒலிக்கு ஒத்துத்தான் அழுத்த வேண்டும். தாளம் தப்பினால் தந்தி குழறும். நூற்றைம்பது வருடங்களாக இந்த நோய் மாறவில்லை. விரலுக்குப் பதிலாகச் சிப் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வயரைக் கழற்றினோம்

இளைஞர் 25 மீற்றர் வயரையே சந்தேகித்தார். வாய்ப்புண்டு. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு புது வயர் வாங்கக் கூடாது. மடிக்கணனியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், முழ நீள வயர்களால் நேரே பெட்டியோடு இணைத்தோம். அதே குழறல். ஆக, அப்போதைக்கு வயர் நிரபராதி.

அடுத்து, கணனியின் யூ.எஸ்.பி. வாயிலில் செருகும் சிறிய மாற்றியைப் பார்த்தோம். அதை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, அதனுடைய அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாக இணைத்துவிட்டு, கணனியில் எழுத்துகளைத் தட்டினோம். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. மாற்றியும் கணனியும் பேசவும் கேட்கவும் வல்லவை என்று தெரிந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் பலர் இதைச் செய்வதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அனுப்பும் முனையை மற்றவரின் பெறும் முனையோடு இணைக்க வேண்டும், குறுக்காக. அதைத் தவறி நேராக இணைத்தால் பெரும்பாலும் குழறல் வராது, ஒன்றுமே வராது. குழறலும் மௌனமும் வெவ்வேறு நோய்கள். குழறுகிறது என்றால் ஏதோ ஒன்று வந்து சேருகிறது என்று அர்த்தம்.

பின்பு போட் வேகத்தைப் பார்த்தோம். புரோகிராமில் 9600. கணனியிலும் 9600. இரண்டும் சரி. இந்த இடத்தில்தான் பலரும் தலையில் கைவைப்பார்கள்.

நான் அவரிடம் “ஒரு வரிக்கு எத்தனை எழுத்து அனுப்புகிறீர்?” என்று கேட்டேன். ஐந்து என்றார். திரையில் அதைவிடக் கூடுதலாகக் குப்பை வந்து கொண்டிருந்தது. அனுப்பியதைவிடக் கூட வந்தால் பெறுபவர் அவசரக்காரர் என்று நினைக்கலாம். ஒரு துடிப்பை அவர் இரண்டாக எண்ணுகிறார். மிகக் குறைவாக வந்தால் பெறுபவர் மந்தமானவர். இது எல்லா வேளையும் பிசகாத விதியல்ல, ஆனால் எந்தப் பக்கம் தேடலாம் என்று காட்டும். எனவே கணனியின் வேகத்தை ஒரு படி குறைத்து 4800 ஆக்கினோம்.

உடனே எழுத்துகள் தெளிவாக வந்தன. 180, 180, 181, 180. கூடி நின்ற சிறுவர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் கிணற்று வாயிலிருந்து 1 மீற்றர் 80 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று பெட்டி சொன்னது. இளைஞர் அன்றைய திகதியைப் போட்டு முதல் பதிவை எழுதப் போனார்.

கயிறு வேறு சொன்னது

அந்த ஐந்து குடும்பத்தில் ஒருவரான ஒரு அக்கா, அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி ஒவ்வொரு ஞாயிறும் மட்டம் பார்ப்பவர். அவர் கயிற்றை இறக்கினார், எடுத்தார், ஈரம் தொட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஏழு முடிச்சும் கொஞ்சமும். உன்ர பெட்டி சொல்லுறது இதில பாதிதான்.”

அளந்து பார்த்தோம். 3 மீற்றர் 60. சரி பாதி.

அன்று அந்தக் கயிறு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? தண்ணீர் தாராளமாக இருக்கிறதென்று பெட்டி சொல்கிறது. எல்லோரும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம் இறைப்பார்கள். உவர் ஏறிய பின்புதான் தெரியும். குழறிய பெட்டியைவிடத் தெளிவாகப் பேசிய பெட்டி அன்று ஆபத்தானதாக இருந்தது. குழறும்போது ஒருவரும் அதை நம்பவில்லை அல்லவா?

காரணம் ஒன்றே. சிப்பின் மணிக்கூடு பாதி வேகத்தில் ஓடிற்று. இந்தச் சிப் நேரத்தை அறிவது தனக்குள் விழும் ‘டிக்’குகளை எண்ணித்தான். புரோகிராமை எழுதும்போது இளைஞர் ஊனோ பலகையைத் தெரிவு செய்திருந்தார். ஆகவே செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் டிக், அதாவது 16 மெகாஹேட்ஸ், என்ற எண்ணத்தில் கணக்குகள் எல்லாம் போடப்பட்டன. ஆனால் செலவைக் குறைக்க அவர் வாங்கியது பலகை அல்ல, தனிச் சிப். அது 8 மெகாஹேட்ஸில் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஊனோ பலகையை ஏற்றியாக வைத்துப் புரோகிராமை நேரே ஏற்றியதால் ஏற்றும்போது எந்த முறைப்பாடும் வரவில்லை. சிப் தான் 9600 வேகத்தில் பேசுவதாக நினைத்து 4800 இல் பேசிற்று. அதே மணிக்கூட்டால்தான் ஒலி திரும்பிவரும் நேரத்தையும் எண்ணிற்று. 21 மில்லி செக்கன் எடுத்ததை பத்தரை மில்லி செக்கன் என்று எண்ணி, தூரத்தைப் பாதியாக்கியது. கணனியின் வேகத்தை மாற்றி எழுத்தைத் திருத்திய எமது கெட்டித்தனம் நோயை மூடி மறைத்துவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் சிப் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதில் மணிக்கூட்டை எட்டால் பிரிக்கும் ஓர் அமைப்பு போடப்பட்டிருக்கும். 1 மெகாஹேட்ஸில்தான் ஓடும். 16 என்று எண்ணி எழுதிய 9600, வயரில் 600 ஆக வரும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு எல்.ஈ.டி. விளக்கும் கைக்கடிகாரமும் போதும். 1 செக்கன் எரிந்து 1 செக்கன் அணையும்படி சிறு புரோகிராம் ஒன்றை ஏற்றிவிட்டு, பத்துத் தரம் எரிந்து அணையும்வரை எண்ணுங்கள். 20 செக்கன் ஆனால் மணிக்கூடு சரி. எமக்கு 40 செக்கன் ஆனது. புதுச் சிப்பாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். எழுத்துக் குழறும் எந்தப் பெட்டியிலும் நான் இனிமேல் முதலாவதாகச் செய்யப்போவது இந்த எண்ணிக்கைதான்.

புரோகிராம் அமைப்பில் 8 மெகாஹேட்ஸ் என்று மாற்றி மீண்டும் ஏற்றினோம். 9600 இல் தெளிவாக வந்தது. பெட்டி 360 என்றது. கயிறும் 3 மீற்றர் 60 என்றது. அன்று மாலை சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

காலையில் நல்ல பிள்ளை, மத்தியானம் பைத்தியம்

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. காலையில் ஒழுங்காக எழுதும் பெட்டி, பதினொரு மணிக்குப் பிறகு இடையிடையே குழறத் தொடங்கி, மத்தியானம் முழுக் குழறலாகி, மாலையில் தானாகவே குணமாகிறதாம். நேரத்தோடு மாறுகிற நோய் என்றால் வெயிலை நினைக்க வேண்டும். பெட்டி கறுப்பு நிறப் பிளாஸ்ரிக், கிணற்றுக்கட்டில் நிழலே இல்லை. மூடிய பெட்டியின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுப் பார்க்கும்படி சொன்னேன். சற்று நேரத்தில் எழுத்துத் தெளிந்தது.

சிப்புக்குள் இருக்கும் மணிக்கூடு ஒரு தடையியும் கொள்ளளவியும் சேர்ந்தது. மலிவு, வெளியே எந்தப் பாகமும் வேண்டாம். ஆனால் துல்லியமில்லை. தயாரிப்பாளரே அதற்கு 10 வீதம்வரை பிழை இருக்கலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார். வெப்பத்தோடும் பற்றரி வோல்ற்றோடும் அது அசையும். எவ்வளவு அசையலாம்? கணக்கு எளிது. பெறுபவர் தொடக்க இறக்கத்திலிருந்து எண்ணி, கடைசித் துடிப்பின் நடுவை ஒன்பதரைத் துடிப்பு நேரத்தின் பின்பு பார்க்கிறார். அதற்குள் அரைத் துடிப்பு விலகினால் பக்கத்துத் துடிப்பைப் பார்த்துவிடுவார். ஒன்பதரையில் அரை என்றால் ஏறத்தாழ 5 வீதம். இது இருவருடைய பிழையும் சேர்ந்த எல்லை. ஆகவே ஒருவருக்கு 2 வீதத்திற்குள் இருப்பதே பாதுகாப்பு. எமது சிப் காலையிலேயே விளிம்புக்குக் கிட்ட நின்றிருக்க வேண்டும். மீதியை வெயில் தள்ளிவிட்டது.

இளைஞர் வேகத்தை 1200 ஆகக் குறைத்துப் பார்த்ததாகவும் பயனில்லை என்றும் சொன்னார். பயனிருக்காது. மெதுவாகப் பேசினால் துடிப்பு நீளும், ஆனால் பிழையும் அதே வீதத்தில் நீளும். 5 வீதம் எந்த வேகத்திலும் 5 வீதம்தான். மெதுவாகப் பேசுவது வயரில் வரும் தொல்லைக்கு மருந்து, மணிக்கூட்டுக் கோளாறுக்கு மருந்தல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாட்களை வீணாக்கியவர்கள் பலர். நானும் ஒருவன்.

தீர்வு 16 மெகாஹேட்ஸ் பளிங்கு ஒன்றும் 22 பைக்கோ பரட் கொள்ளளவிகள் இரண்டும். பளிங்கின் பிழை இலட்சத்தில் சில பங்குதான். வெயிலுக்கு அது அசைவது எமது கணக்குக்கு ஒன்றுமேயில்லை. ஆனால் பளிங்கைப் பற்றவைத்தால் மட்டும் போதாது. ‘வெளி மணிக்கூட்டைப் பார்’ என்று சிப்பின் உள்ளமைப்பையும் மாற்ற வேண்டும். இதிலே ஒழுங்கு முக்கியம்: முதலில் பளிங்கு, பிறகு அமைப்பு. பளிங்கு இல்லாமல் அமைப்பை மாற்றினால் சிப்புக்கு மணிக்கூடே இல்லாமல் போய், அது செத்தது போலக் கிடக்கும். செத்ததல்ல, பளிங்கை வைத்தால் எழும்பும். ஆனால் அது தெரியாமல் குப்பையில் போட்டவர்கள் உண்டு. 16 மெகாஹேட்ஸுக்கு 5 வோல்ற் கொடுப்பது நல்லது. அத்தோடு புரோகிராமிலும் மீண்டும் 16 என்று மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் கதை மறுபக்கமாகத் திரும்பும். தண்ணீர் இருமடங்கு ஆழத்தில் இருப்பதாகப் பெட்டி அழும்.

பெட்டிக்கு மேலே ஒரு கிடுகும் வைத்தோம். பளிங்குக்காக அல்ல, பற்றரிக்காக.

அணிலும் மெசினும்

பளிங்கு போட்ட பின் பெட்டி கிணற்றடியில் நாள் முழுவதும் ஒழுங்காகப் பேசியது. மடிக்கணனியைப் பழையபடி கொட்டிலுக்குக் கொண்டுபோய் 25 மீற்றர் வயரை இணைத்ததும் வேறொரு குழறல். இது வித்தியாசமானது. வயரைக் கையால் பிடித்தால் எழுத்து மாறுகிறது, விட்டால் இன்னொரு விதமாக மாறுகிறது.

தொட்டால் மாறும் குழறலுக்கு முதற் காரணம் பொதுக்கம்பி. சிப் ‘மேலே’ ‘கீழே’ என்று சொல்வது எதிலிருந்து மேலே? அந்த அடிமட்டத்தை இரு பக்கத்தாருக்கும் ஒன்றாக வைத்திருப்பது மூன்றாவது கம்பி. பெட்டி தன் பற்றரியிலும் கணனி தன் பற்றரியிலும் ஓடும்போது, அந்தக் கம்பி இல்லாவிட்டால் இருவருக்கும் பொதுவான நிலம் கிடையாது. தேடிப் பார்த்ததில் பூவரசு வேலியின் ஓரமாக அணில் அந்தக் கம்பியை மட்டும் கொறித்திருந்தது. இணைத்துச் சுற்றிக் கட்டினோம்.

அதன் பிறகும் பக்கத்துத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் மெசின் இறைக்கும்போது மட்டும் எண்களுக்கு நடுவே ஓரிரு எழுத்துப் பிழைத்தது. மெசினின் பொறிச்செருகியில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம் மாதிரி. பழைய றேடியோவில் மோட்டார் சைக்கிள் போகும்போது கேட்கும் கரகரப்பை நினைத்துப் பாருங்கள். 25 மீற்றர் வயர் அதைப் பிடிக்கும் நல்ல அன்ரனா. இங்கே வேகத்தைக் குறைப்பது உண்மையிலேயே உதவியது. துடிப்பு நீளமாக இருந்தால் பொறியின் சின்னத் தெறிப்பு அதன் நடுவில் விழும் வாய்ப்புக் குறைவு. 1200 இல் பிழை மிகவும் குறைந்தது.

நிரந்தரமாகத் தீர்க்க ஆர்.எஸ்.485 என்னும் முறைக்கு மாறினோம். இரு முனையிலும் சிறிய சிப் ஒவ்வொன்று, நடுவே ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகள். ஒரு கம்பி மேலே போனால் மற்றது கீழே போகும். பெறுபவர் இரண்டுக்குமிடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பார். வெளித்தொல்லை இரு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் மாறாது. குறைந்த வேகத்தில் 1200 மீற்றர்வரை இம்முறை போகும். தோட்டத்துக்குத் தாராளம்.

வேறு சில குழறல்கள்

எமது பெட்டியில் வராத, ஆனால் வேறு இடங்களில் நான் கண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எண்களில் சில சரியாகவும் சில பிழையாகவும் வந்தால் எவை என்று பாருங்கள். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரியாக வந்து 1, 2, 4, 7, 8 எப்போதும் பிழைத்தால் வேகத்தில் குறையில்லை. அனுப்புபவர் ஏழு துடிப்பில் எழுத்தை வைத்து, எட்டாவதை ‘ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையா’ என்ற காவலுக்கு வைத்திருக்கிறார். பெறுபவரோ எட்டையும் எழுத்தென்று வாசிக்கிறார். சில மின்னணுத் தராசுகள் இப்படிப் பேசும். நெல் நிறுக்கும் தராசைக் கணனியோடு இணைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். கணனியின் அமைப்பில் ‘ஏழு, இரட்டை’ என்று மாற்றினால் சரி.

ஈ.எஸ்.பி.8266 என்னும் வைஃபை சிப் மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு வரி குப்பை எழுதிவிட்டுப் பின்பு ஒழுங்காகப் பேசும். அது நோயல்ல. தொடங்கும்போது மட்டும் அது 74880 என்ற விசித்திர வேகத்தில் தன் சுகநலம் சொல்கிறது.

பழைய கணனிகளின் பின்புறத்தில் ஒன்பது ஊசி வாயில் ஒன்று இருக்கும். அது ஆர்.எஸ்.232 முறை. அங்கே மேலே கீழே இரண்டும் தலைகீழ், வோல்ற்றும் பூச்சியத்துக்குக் கீழே போய் மேலேயும் ஏறும், 15 வோல்ற்வரை வரலாம். நேரே சிப்போடு இணைத்தால் குழறலோடு நிற்காது, சிப்பே போய்விடும். இடையில் மக்ஸ்232 போன்ற மாற்றி வேண்டும்.

இனித் தமிழ். ‘தண்ணீர்’ என்று தமிழில் அனுப்ப விரும்பிய ஒரு மாணவிக்குத் திரையில் கொம்பு முளைத்த எழுத்துகளே வந்தன. எண்கள் மட்டும் சரி. இது வயரின் குற்றமல்ல. ஆங்கில எழுத்து ஒரு பொதியில் அடங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் இன்றைய யுனிகோட் முறையில் மூன்று பொதி வேண்டும். ஒவ்வொன்றும் 224 என்ற எண்ணோடு தொடங்கும். பார்க்கும் நிரல் மூன்றையும் சேர்த்து வாசிக்கத் தெரியாமல் தனித்தனியாக வாசித்தால் குப்பைதான். எங்களில் பலருக்கு இது புதிதல்ல. பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்த காலம் நினைவிருக்கிறதா? கடிதம் பழுதாகவில்லை. வாசிக்கும் கண்ணாடிதான் வேறு.

இதே மாதிரி, புரோகிராமில் ‘அச்சிடு’ என்ற கட்டளைக்குப் பதில் ‘எழுது’ என்ற கட்டளையைப் போட்டாலும் குழறும். 65 என்ற எண்ணை அச்சிடச் சொன்னால் ஆறும் ஐந்தும் வரும். எழுதச் சொன்னால் 65ஆம் இலக்க எழுத்தான ஆங்கில ‘ஏ’ வரும்.

சித்திரை கடைசியில் மறுபடி அந்தக் கிணற்றடிக்குப் போனேன். மட்டம் 4 மீற்றர் 10 இற்கு இறங்கியிருந்தது. ஐந்து குடும்பமும் கூடி, 4 மீற்றர் 25 வந்தால் எல்லோரும் அரைநேர இறைப்பு என்று முடிவெடுத்திருந்தார்கள். கணனியின் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் இருந்தது. இடப்பக்கம் பெட்டியின் எண், வலப்பக்கம் அக்காவின் கயிறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டையும் எழுதி, இரண்டு குடும்பத்தவர் கையொப்பம் வைக்கிறார்கள். அன்றைய வித்தியாசம் 2 சென்ரிமீற்றர். கயிறு நனைந்து நீண்டுவிட்டதாக இளைஞர் வாதாடினார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.